நத்தைக்குக் கணக்குக் கேட்கும் மீன்

போன இதழில், விளிம்பு கடிபட்டுக் குறையும் பவள மட்டியைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "என் தொட்டியில் ஒரு பஃபர், அதாவது பேத்தை மீன், இருப்பதால் இந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். மட்டியைப் பற்றி ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் பஃபரைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க பேத்தை மீனுக்கே.

*

கேள்வி: என்னுடையது 200 லிட்டர் பவளத் தொட்டி. ஒன்றரை வருடமாக ஓடுகிறது. ஜோவாந்திட்ஸ் (கல்லில் ஒட்டிக் கூட்டமாக வளரும், பூ மாதிரியான பவள இனம்), காளான் பவளம், ஒரு ஹேமர் பவளம், இரண்டு கோமாளி மீன்கள். நாலு மாதம் முன்பு 4 செ.மீ. அளவில் ஒரு வேலண்டினி பஃபர் விட்டேன். மீன் பட்டியலில் "எச்சரிக்கையுடன் பவளத் தொட்டியில் வைக்கலாம்" என்று போட்டிருந்தது. மூன்று மாதம் பரம சாது. இப்போது நத்தைகள் ஒவ்வொன்றாகக் காலி, ஓடு மட்டும் மணலில் கிடக்கிறது. ஜோவாந்திட்ஸில் ஒரு ஓரம் மூடியே இருக்கிறது. மீனுக்கு ஏதாவது நோயா?

பதில்: மீனுக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் விருந்தாளியாக இருந்தது, இப்போது வீட்டுக்காரர் ஆகிவிட்டது.

அந்தப் பட்டியல்களில் "எச்சரிக்கையுடன்" என்ற சொல்லை வாங்குகிறவர்கள் யாரும் படிப்பதில்லை, "வைக்கலாம்" என்பதை மட்டும் படிக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். வேலண்டினி கடலில் என்ன தின்கிறது என்று தெரிந்தால் அந்த எச்சரிக்கை புரியும். நூல் மாதிரி வளரும் பச்சை, சிவப்புப் பாசிகளும், பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பீச்சிகளும்தான் அதற்குப் பிரதானம். கூடவே கொஞ்சம் புழு, கொஞ்சம் சிப்பி நத்தை, கொஞ்சம் பவளம். அந்தக் "கொஞ்சம் பவளம்" இயற்கையிலேயே அதன் சாப்பாட்டில் இருக்கிறது. உங்கள் மீன் கெட்டுப்போகவில்லை, தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது.

என் வேலண்டினிக்கு வீட்டில் "ஆடிட்டர்" என்று பெயர். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு பொந்தாகப் போய்ப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நகரும். கணக்கில் இடித்தது என்றால் அங்கேயே நின்றுவிடும். ஒரு நாள் காலை விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு டர்போ நத்தை ஏறிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, முதுகுத் துடுப்பையும் பக்கத் துடுப்பையும் மட்டும் விசிறி மாதிரி அசைத்தபடி அந்தரத்தில் நின்றது. ஒரு கண் நத்தையில், இன்னொரு கண் என்மேல். நத்தை மெல்லக் கழுத்தை நீட்டி, பாதத்தை விரிக்கும் வரை அசையவே இல்லை. விரித்த நொடியில் ஒரு கடி. கண்ணாடிக்கு வெளியே இருந்த என் காதில் "டக்" என்று விழுந்தது, பாக்கு வெட்டுகிற சத்தம். நத்தை கீழே விழுந்தது. ஆடிட்டர் மெதுவாக இறங்கி, அதை மல்லாக்கத் திருப்பி, மிச்சக் கணக்கை முடித்தது.

ஆகவே நத்தை விஷயத்தில் உங்களுக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. நத்தை, ஹெர்மிட் நண்டு, சின்ன இறால், குழாய்ப்புழு எல்லாம் பஃபர் இருக்கும் தொட்டியில் சம்பளம் வாங்கும் வேலைக்காரர்கள் அல்ல, சாப்பாடு. திரும்ப வாங்கிப் போடாதீர்கள். கண்ணாடிப் பாசியைக் கையால் சுரண்டுங்கள். நான் வாரம் இரண்டு முறை சுரண்டுகிறேன், பழகிவிட்டது.

ஜோவாந்திட்ஸ் விஷயம் வேறு. பழியை மீன்மேல் போடும் முன்பு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜோவாந்திட்ஸையே தின்று, அதே நிறத்துக்கு மாறி ஒளிந்திருக்கும் ஓடில்லாத கடல் நத்தைகள் உண்டு. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். தண்ணீரின் காரத்தன்மை திடீரென்று ஏறி இறங்கினாலும் அதன் பாலிப்புகள், அதாவது பூ மாதிரி விரியும் வாய்கள், மூடும். நான் 8-லிருந்து 9 டி.கே.எச்.சுக்குள் வைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டும் இல்லை என்றால், ஒரு நாற்காலி போட்டுத் தொட்டிக்கு ஓர் ஆள் தூரம் தள்ளி அரை மணி நேரம் உட்காருங்கள். பக்கத்தில் போனால் மீன் உங்களிடம்தான் வரும், சாப்பாடு கேட்டு. தள்ளி உட்கார்ந்தால்தான் அதன் நடமாட்டம் தெரியும். பஃபர் கடித்த பாலிப்பில் விளிம்பு கிழிந்திருக்காது, சின்ன இடுக்கியால் கிள்ளி எடுத்தது போல ஒரு துண்டு குறைந்திருக்கும்.

அதுதான் கடிக்கிறது என்றால் முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே தடவை நிறையப் போடுவதைவிட, இரண்டு தடவை கொஞ்சமாகப் போடுவது மேல். ஓட்டோடு இறால் துண்டு, திறந்த மட்டி, பாசித் தாள் என்று மாற்றி மாற்றி. ஒரு மட்டியைத் திறந்து கல்லிடுக்கில் செருகி வைத்தால் ஆடிட்டருக்கு ஒரு மணி நேர வேலை. சும்மா இருக்கும் பஃபர்தான் பவளத்தைக் கொத்துகிறது என்பது என் அனுபவம். ஆனால் சாப்பாடு கூடினால் அழுக்கும் கூடும். இந்த மீன் தின்பதில் பாதி வாயிலிருந்து சிதறும். இதைப் பழக்கப்படுத்திய முதல் மாதம் என் தொட்டியில் நைட்ரேட் 5-லிருந்து 25-க்குப் போனது. அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையை வாரம் ஒரு முறை கழுவியது போக, ஒன்றுவிட்டு ஒரு நாள் கழுவ வேண்டி வந்தது.

அதற்குப் பிறகும் கடித்தால் ஜோவாந்திட்ஸ் கல்லை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். ஜோவாந்திட்ஸ் குடும்பத்தில் சிலவற்றில், முக்கியமாக பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. பஃபரின் விஷத்தைப் பற்றிப் பத்துப் பேர் பயந்து எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை! கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடாதீர்கள். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ கொதிக்கவைக்கவோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் உண்டு.

காளான் பவளத்தை அநேகமாக விட்டுவிடும். தோல் பவளமும் அப்படித்தான், அதன் ருசி பிடிக்காது போலிருக்கிறது. உங்கள் ஹேமர்தான் எனக்குக் கவலை. சதைப்பிடிப்பான பவளத்தில் ஒரு தடவை ருசி கண்டால் மறக்காது. பக்கத்து வீட்டு வேலண்டினி ஹேமரைத் தொடவே இல்லை என்று யாராவது சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அது அந்த மீன். இது உங்கள் மீன்.

*

கேள்வி: நாய்முகப் பஃபர், 7 செ.மீ. இருக்கிறது. தொட்டியின் அளவுக்குத் தகுந்த மாதிரிதான் வளரும் என்று விற்றவர் சொன்னார். 150 லிட்டர் தொட்டி. அக்ரோபோரா பவளங்கள் நிறைய இருக்கின்றன. சேருமா?

பதில்: சேராது. திருப்பிக் கொடுங்கள், இன்றைக்கே.

தொட்டிக்குத் தகுந்தாற்போல் எந்த மீனும் வளர்வதில்லை. இடமில்லாமல் கூனி, நோய்ப்பட்டு, சீக்கிரம் செத்துப்போவதைத்தான் அப்படி அழகாகச் சொல்கிறார்கள். நாய்முகப் பஃபர் 33 செ.மீ. வரை போகும், அதாவது ஒரு ஸ்கேலைவிடப் பெரிது. அதற்கு 500 லிட்டருக்குக் குறைந்தால் நியாயமில்லை. அக்ரோபோராவைப் பொறுத்தவரை, அந்தப் பவளத்தின் கிளை நுனிகளைக் கடித்துத் தின்பது அதன் பிறவிக் குணம். ஒரு வாரத்தில் உங்கள் பவளக் கிளைகள் எல்லாம் சாக்பீஸ் ஒடித்த மாதிரி வெள்ளையாக நிற்கும்.

இதே கடிதக் கட்டில் முள் பேத்தையைப் பற்றியும் மூவர் கேட்டிருக்கிறார்கள். அது பவளத்தை அவ்வளவாகத் தின்னாது என்பது சரிதான். ஆனால் நண்டு, நத்தை, கடல் முள்ளெலி எதையும் விடாது, இராத்திரியில் வேட்டையாடும், உடம்பும் பெரியது. ஒட்டாமல் வைத்த பவளத் துண்டை முட்டித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கென்று தனித் தொட்டி கட்ட முடிந்தால் கட்டுங்கள், அவ்வளவு அன்பான மீன். பவளத்தோடு வேண்டாம்.

*

கேள்வி: நான் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் பஃபர் வந்து ஒரு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட உப்பவில்லை. அண்ணன் குச்சியால் தொட்டால் உப்பும் என்கிறான். செய்யலாமா பாட்டி?

பதில்: வேண்டாம் கண்ணு. அண்ணனிடம் குச்சியை வாங்கி உள்ளே வை.

அது ஒரு வருடமாக உப்பவில்லை என்றால், உங்கள் வீட்டில் ஒரு வருடமாக அது பயப்படவில்லை என்று அர்த்தம். பெருமைப்பட வேண்டிய விஷயம். பேத்தை மீனுக்கு விலா எலும்பு கிடையாது, வயிற்றுத் துடுப்பும் கிடையாது. ஆபத்து என்று தோன்றினால் மடக் மடக்கென்று தண்ணீரைக் குடித்து வயிற்றை உப்பவைக்கும். மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும் வயிறு பந்து மாதிரி விரியும். நமக்கு வேடிக்கை, அதற்கு உயிர்ப் போராட்டம். பார்க்கும்போது சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும், அது சிரிப்பு இல்லை.

இன்னொன்று. தண்ணீருக்கு வெளியே எடுத்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியே விடத் தெரியாமல் தலைகீழாக மிதக்கும், சில சமயம் செத்தே போகும். அதனால் பஃபரை எப்போதும் வலையில் பிடிக்கக் கூடாது. தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏறவிட்டு, தண்ணீரோடு தூக்க வேண்டும். தப்பித் தவறிக் காற்றைக் குடித்துவிட்டால், அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடு. அதைத் தண்ணீருக்குள் தலை மேலே, வால் கீழே இருக்கும்படி மெல்லப் பிடித்துக்கொண்டால் குமிழி குமிழியாக வெளியேறும்.

வேடிக்கை வேண்டும் என்றால், கண்ணாடி ஓரமாக உன் விரலை மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பார். ஒரு கண் உன் விரலோடு போகும், இன்னொரு கண் வேறெங்கோ பார்க்கும். அது எந்தப் பக்கக் கண் என்று எனக்கு எழுது.

*

கேள்வி: பஃபர் செத்தால் தொட்டி முழுக்க விஷமாகி மற்ற மீன்களும் செத்துப்போகுமா?

பதில்: அந்த விஷத்துக்கு டெட்ரோடாக்சின் என்று பெயர். 1909-இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷிசுமி தஹாரா வைத்த பெயர். மீன் அதைத் தானாக உண்டாக்குவதில்லை. கடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் உண்டாக்குவது, தின்னும் இரை வழியாக மீனின் உடம்பில் சேர்கிறது. அதனால்தான் விஷமில்லாத தீனி போட்டு வளர்த்த மீன்களில் விஷம் இல்லாமலே போவதும் உண்டு. உங்கள் மீன் அப்படி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கடலிலிருந்து பிடித்து வந்ததாகவே இருக்கும்.

சில பேத்தைகள் சீண்டப்பட்டால் தோல் வழியாகக் கொஞ்சம் விஷம் கசிய விடும். கவ்விய மீன் உடனே துப்பிவிடுவது அதனால்தான். ஆனால் பஃபர் செத்த தொட்டியில் மற்ற மீன்களும் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் அம்மோனியா. கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்ததை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். தினமும் காலையில் மீன்களை எண்ணுங்கள். செத்தால் உடனே எடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் புதுக் கரி போடுங்கள். எடுத்த மீனைப் பூனை, நாய்க்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இந்த விஷம் வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை.

உண்மையில் தொட்டியையே கொல்லக்கூடியது பேத்தையின் உறவுக்காரன், பெட்டி மீன். மஞ்சளாக, சதுரமாக, பொம்மை மாதிரி இருக்கும். அது மிரண்டால் தோலிலிருந்து வழவழப்பான ஒரு விஷத்தை விடும், அதில் தானும் சாகும், கூட இருப்பவையும் சாகும். வாங்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள்.

*

கேள்வி: என் பஃபருக்குப் பல் வாய்க்கு வெளியே நீண்டுகொண்டே வருகிறது. இறால் சதை மட்டும்தான் கொடுக்கிறேன், ஓட்டை உரித்துவிட்டுத்தான். ஏன்?

பதில்: உரிப்பதால்தான்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பல் தட்டுகள், கிளி மூக்கு மாதிரி. இந்தக் குடும்பத்தின் விஞ்ஞானப் பெயருக்கே "நான்கு பல்" என்றுதான் பொருள். விஷத்தின் பெயரிலும் அந்த நான்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பல் ஆயுள் முழுக்க வளரும், கடினமான ஓட்டைக் கடித்துத் தேய்த்தால்தான் அளவாக இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆடிட்டருக்கு முன்னால் எனக்கு இன்னொரு பஃபர் இருந்தது. குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, ஓடு உரித்து, நறுக்கி நறுக்கிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் இறால் துண்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது, வாயைத் திறக்கிறது, கடிக்க முடியவில்லை. மேல் பல் கீழ்ப் பல்லைத் தாண்டி இறங்கியிருந்தது. துண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. கால்நடை மருத்துவர் ஒருவர் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் அதை மயக்கி, சின்ன வெட்டியால் நுனியைக் கத்தரித்தார். மீனைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் சொன்னார். உள்ளங்கையில் ஈரத் துணிக்குள் அதன் செவுள் ஏறி இறங்கியது இன்னும் என் கையில் இருக்கிறது. அன்று பிழைத்தது. பட்டினியில் இளைத்த உடம்பு, அதிக நாள் நிற்கவில்லை.

நீங்களாகக் கத்தரிக்க முயலாதீர்கள். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு கூடினாலும் மீன் எழுந்திருக்காது. மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரைத் தேடுங்கள். அதன் பிறகு ஓட்டோடு கொடுங்கள்.

*

கேள்வி: பஃபர் உடம்பில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். செப்பு மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமா?

பதில்: ஊற்றினால் பவளம் சாகும், மிச்சமுள்ள நத்தையும் சாகும், கல்லும் மணலும் செப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகும் தொல்லை கொடுக்கும். மற்ற மீன்களைப் போல் செதில் இல்லாத பஃபருக்கும் செப்பு ஒத்துக்கொள்ளாது. எல்லா மீன்களையும் பவளம் இல்லாத ஒரு வைத்தியத் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே இரண்டு மூன்று நாளில் மெதுவாக உப்பைக் குறைத்து, ஒப்படர்த்தி 1.009-க்குக் கொண்டுவந்து நாலு வாரமாவது வைத்திருங்கள். திரும்ப ஏற்றும்போது இன்னும் மெதுவாக. மீன் இல்லாத பவளத் தொட்டியைப் பதினோரு வாரம் அப்படியே ஓடவிட்டால் அந்த வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணமான ஒட்டுண்ணி தங்க உடம்பில்லாமல் சாகும். பதினோரு வாரமா என்று மலைக்காதீர்கள். ஐந்தாம் வாரத்தில் பொறுமையிழந்து மீனைத் திரும்ப விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தவள் நான்.

*

கேள்வி: இரண்டு வேலண்டினி வாங்கினேன். ஒன்று குண்டு, இன்னொன்று தட்டை. தட்டையானது நோயாளியா, ஆணா?

பதில்: இரண்டும் இல்லை, அது பேத்தையே இல்லை! வேலண்டினிக்கு விஷம் இருப்பதால் பெரிய மீன்கள் அதைத் தொடுவதில்லை. அந்த மரியாதையைத் திருடிக்கொள்ள, அச்சு அசலாக அதே கறுப்புப் பட்டைகளோடு வேஷம் போடும் ஒரு கிளாத்தி இன மீன் இருக்கிறது. முதுகுத் துடுப்பையும் அதற்கு நேர் கீழே இருக்கும் துடுப்பையும் பாருங்கள். பேத்தைக்கு அவை குட்டையான அடியோடு, சின்ன விசிறி மாதிரி இருக்கும். வேஷக்காரனுக்கு நீளமாக, ஓரம் வைத்துத் தைத்த மாதிரி ஓடும். பெரிய மீன்கள் ஏமாறுகின்றன, விற்றவரும் ஏமாந்திருக்கிறார், நீங்கள் சந்தேகப்பட்டுவிட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல மீன்.

*

கேள்வி: போன இதழில் சொன்ன உங்கள் பவள மட்டி என்ன ஆனது? பஃபரை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டீர்களா?

பதில்: மட்டியின் விளிம்பு வாரம் ஒரு கடியாகக் குறைந்துகொண்டே வந்தது. ஆடிட்டரைப் பிடிக்க ஒரு கண்ணாடிப் பெட்டிப் பொறி வாங்கி, உள்ளே திறந்த மட்டித் துண்டு வைத்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளே போனது. நான் கதவு இழுக்கும் நூலைத் தொட்டதும் வெளியே வந்தது. இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் துண்டைத் தின்றுவிட்டு அங்கேயே நின்று என்னைப் பார்த்தது, நூலை இழுக்க மனசு வரவில்லை.

மட்டியைத்தான் நண்பர் ஒருவரின் தொட்டிக்கு அனுப்பினேன். அங்கே விளிம்பு திரும்ப வளர்ந்துவிட்டது என்று போன வாரம் படம் அனுப்பியிருக்கிறார்.